பிள்ளை கம்பஸ் போகிறது: கார் வாங்கிக் கொடுக்கலாமா?

ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஏ லெவல் பெறுபேறுகள் வந்ததும், நான் வேலை செய்யும் வைத்திய நிலையத்தில் ஒரு சந்தோசமான வாரம் வரும். பிறஷர் பார்க்க வந்த அம்மா, கையை நீட்டுவதற்கு முன்னரே, "டொக்டர், மகனுக்கு யூனிவேர்சிற்றி கிடைச்சிட்டுது" என்று சொல்லுவார். நானும் எழும்பி நின்று வாழ்த்துச் சொல்லுவேன். அதற்கு அடுத்த வசனம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "கொஞ்சம் தூரம்தானே டொக்டர், இவர் ஒரு கார் பார்த்து வைச்சிருக்கிறார்."

இந்த இதழில் அந்தக் காரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கார் வாங்குவதில் வைத்தியருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை எப்படிப் போய் வரப் பழகுகிறதோ, அந்தப் பழக்கம் பல வருடங்களுக்கு அந்தப் பிள்ளையின் உடம்போடு கூடவே இருக்கும். எங்கள் சமூகத்தில் அதன் விலை மற்றவர்களை விடக் கூடுதலானது.

நான் விட்ட பிழை

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லி விடுகிறேன். என் மூத்த மகனின் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் அவருக்கு இடம் கிடைத்த பல்கலைக்கழகம் எங்கள் வீட்டிலிருந்து 14 மைல் தூரத்தில் இருந்தது. பஸ்ஸும் ரயிலுமாகப் போனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல், காரில் போனால் நாற்பது நிமிடம். யோசிக்காமல் ஒரு பழைய கார் வாங்கிக் கொடுத்தோம். வீட்டு வாசலில் ஏறுவார், விரிவுரை மண்டபத்துக்குப் பக்கத்தில் இறங்குவார். இரண்டாம் வருடம் முடியும்போது 11 கிலோ கூடியிருந்தார். அவருடைய கைத்தொலைபேசியில் பார்த்தால், கம்பஸ் போகும் நாட்களில் கூட 2,000 அடிகள் எட்டவில்லை. என் கரைச்சல் தாங்காமல் அவருடைய வைத்தியரிடம் போய் இரத்தம் பரிசோதித்தார். எச்.பி.ஏ.1.சி 43 என்று வந்தது. 42 முதல் 47 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை. 48 என்றால் நீரிழிவு. அப்போது அவருக்கு வயது இருபது.

நாள் முழுவதும் மற்றவர்களுடைய பிள்ளைகளுக்கு "நட, நட" என்று சொல்லும் நான், என் பிள்ளையின் நடையை நானே பணம் கொடுத்து நிறுத்தியிருக்கிறேன் என்பது அன்றுதான் விளங்கியது.

எங்கள் உடம்பின் கணக்கு வேறு

தெற்காசிய மக்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் சாத்தியம் ஐரோப்பிய வெள்ளையினத்தவரை விட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். அது இளவயதிலேயே வருகிறது, குறைந்த உடல் நிறையிலும் வருகிறது. பார்வைக்கு மெலிந்தவர்களாக இருந்தாலும், வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்புச் சேர்வது எங்களுக்குக் கூட. இதனால்தான் பிரித்தானிய வழிகாட்டல்களில் மற்றவர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 25இல் தொடங்கும் எச்சரிக்கை, எங்களுக்கு 23இலேயே தொடங்குகிறது. 27.5 என்றால் அதிக ஆபத்து. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் உள்ளே இருக்க வேண்டும்.

"பெடியனுக்குச் சின்ன வயசு, பிறகு பார்க்கலாம்" என்பது ஆகவே எங்களுக்குப் பொருந்தாத கதை.

லண்டன் பஸ் சொன்ன பாடம்

உடல் அசைவுக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று லண்டனின் இரண்டு தட்டு பஸ்களில்தான் நடந்தது. ஜெரி மொறிஸ் என்ற வைத்தியர் 1953இல் தன் முடிவுகளை லான்செற் சஞ்சிகையில் வெளியிட்டார். ஒரே பஸ்ஸில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். சாரதி நாள் முழுவதும் இருந்தபடி. கொண்டக்டரோ ரிக்கற் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு 500க்கு மேற்பட்ட படிகள் ஏறி இறங்குவார். அதே பஸ், அதே புகை, ஏறக்குறைய அதே சம்பளம். ஆனால் கொண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வந்தாலும் பிந்தியே வந்தது, அதில் இறந்தவர்களும் குறைவு. தபால் திணைக்களத்திலும் அப்படியே: நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்தவர்கள், மேசையில் இருந்தவர்களை விட நன்றாக இருந்தார்கள்.

சாரதிகள் முதலிலேயே பருத்தவர்களாக இருந்திருக்கலாம் அல்லவா? அந்தக் கேள்வியை மொறிஸ் தானே கேட்டார். சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பு அளவுகளை எடுத்துப் பார்த்தார். சாரதிகளின் இடுப்பு உண்மையிலேயே பெரிதுதான். ஆனால் மெலிந்தவர்களை மெலிந்தவர்களோடும் பருத்தவர்களைப் பருத்தவர்களோடும் ஒப்பிட்டபோதும் கொண்டக்டர்களுக்கே நன்மை இருந்தது. போலந்தை விட்டு வந்த யூதப் பெற்றோருக்குப் பிறந்த அந்த வைத்தியர் 2009இல், தன் 99ஆவது வயதில்தான் காலமானார்.

அண்மைக் காலத்துக்கு வந்தால், 2017இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரித்தானியாவில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோரின் தகவல்களை ஆராய்ந்தார்கள். வேலைக்குச் சைக்கிளில் போனவர்களில், அந்த ஆய்வுக் காலத்தில் இறந்தவர்கள் சுமார் 40 வீதம் குறைவு. நடந்து போனவர்களுக்கு இருதய, இரத்தக்குழாய் நோய்கள் ஏறக்குறைய கால்வாசி குறைவு. இப்படியான ஆய்வு மட்டும் காரணத்தை முற்றாக நிறுவி விடாது. ஆனாலும் எழுபது வருடங்களாக வந்த முடிவுகள் ஒரே பக்கத்தைத்தான் காட்டுகின்றன.

பதினைந்து நிமிடக் கணக்கு

உலக சுகாதார நிறுவனமும் பிரித்தானிய தலைமை வைத்திய அதிகாரிகளும் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு, வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், ஆனாலும் கதைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அதுதான் மிதமானது.

இப்போது கணக்குப் பாருங்கள். வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு விறுவிறுப்பாக 10 நிமிட நடை. இறங்கிய இடத்திலிருந்து வகுப்புக்கு 5 நிமிடம். திரும்பி வரவும் அப்படியே. நாளுக்கு 30 நிமிடம், ஐந்து நாளுக்கு 150 நிமிடம். ஜிம்முக்குப் பணமும் இல்லை, அதற்கென்று தனி நேரமும் இல்லை. ஜிம்மில் சேர்ந்த பலர் பெப்ரவரியோடு நிறுத்தி விடுகிறார்கள். கம்பஸ் போவதை யாரும் நிறுத்துவதில்லை.

பஸ்ஸில் போவதைச் சோம்பல் என்று நினைக்க வேண்டாம். பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்கள் இரண்டு முனையிலும் நடந்தே ஆக வேண்டும்.

காற்றும் எங்களுடையதுதான்

லண்டன் லூயிஷம் பகுதியில், தெற்குச் சுற்றுவீதிக்கு அருகில் வாழ்ந்த எல்லா அடூ கிசி டெப்ரா என்ற சிறுமி, கடுமையான ஆஸ்துமாவினால் 2013 பெப்ரவரியில் ஒன்பது வயதில் இறந்தாள். 2020 டிசம்பரில் நடந்த இரண்டாவது மரண விசாரணையில், வாகனப் புகையால் மாசடைந்த காற்றும் அவளுடைய மரணத்துக்குக் காரணம் என்று பதிவு செய்யப்பட்டது. பிரித்தானியாவில் ஒருவரின் மரணக் காரணத்தில் காற்று மாசு எழுதப்பட்டது அதுவே முதல் தடவை.

இன்ஹேலர் பாவிக்கும் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். காரின் கண்ணாடியை ஏற்றி விட்டால் புகை வராது என்று நினைப்பதும் பிழை. நெரிசலில் முன்னால் நிற்கும் வாகனத்தின் புகைதான் உங்கள் காருக்குள் வருகிறது.

என் மகனின் காரையே கணக்கிட்டுப் பார்த்தேன். போகவர 28 மைல், வாரத்துக்கு 4 நாள், வருடத்துக்கு 24 கற்பித்தல் வாரங்கள்: 2,688 மைல். கலனுக்கு 40 மைல் ஓடும் கார் இதற்கு ஏறக்குறைய 305 லீற்றர் பெற்றோல் குடிக்கும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். அப்படியென்றால் ஒரு மாணவன் தனியாக ஒரு காரில் போய் வர, வருடத்துக்கு சுமார் 700 கிலோ.

சைக்கிளைக் கண்டால் எங்களுக்கு ஏன் மனம் ஒப்புவதில்லை?

இதை வைத்தியராக இல்லாமல் உங்களில் ஒருத்தியாக எழுதுகிறேன்.

நான் யாழ் மருத்துவ பீடத்தில் படித்தது பொருளாதாரத் தடைக் காலத்தில். 1990 ஜூனுக்குப் பிறகு பெற்றோல் என்பது கண்ணால் காணக் கிடைக்காத பொருள். மானிப்பாயிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு லேடீஸ் சைக்கிளில்தான் தினமும் போய் வந்தேன். வாசலில் சைக்கிள்கள் நூற்றுக்கணக்கில் சாய்ந்து நிற்கும். இரவில் அதே சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்போம். அப்போது எங்களுக்குக் கஷ்டங்கள் நிறைய இருந்தன. ஆனால் என் வகுப்பில் கொழுத்தவர் என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

பிறகு 1995 ஒக்டோபர் 30 வந்தது. அன்றிரவு மழைக்குள், அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நானும் தம்பியும் உருட்டிக் கொண்டு போனோம். ஓட இடமில்லை. சனம் நகர்ந்த வேகத்தில்தான் சில்லும் நகர்ந்தது. இதை வாசிப்பவர்களில் பலர் அதே வீதியில் என்னோடு நின்றிருப்பீர்கள்.

இந்த நாட்டுக்கு அகதியாக வந்து, பரீட்சைகள் எழுதி, வேலை கிடைத்து, முதல் கார் வாங்கிய அன்று அதைக் கோயிலுக்குக் கொண்டு போய் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி எடுத்தோம். அந்தக் காரின் கதவு மூடும் சத்தத்தில் எனக்குக் கிடைத்த நிம்மதி இன்னும் ஞாபகம் இருக்கிறது. இனி உருட்ட வேண்டியதில்லை. மகனுக்குக் கார் வாங்கியபோதும் நான் உண்மையில் சொன்னது அதைத்தான்: நீ உருட்ட வேண்டாம், அப்பன்.

ஆனால் அவன் அந்த வீதியில் நிற்கவில்லை. அவனுக்குச் சைக்கிள் என்பது சைக்கிள்தான். என் காயத்துக்கு மருந்தாக நான் வாங்கியதை அவன் உடம்பு சுமந்தது. இதைத்தான் என் வயதுப் பெற்றோருக்குச் சொல்ல விரும்புகிறேன். நடப்பதும் சைக்கிள் ஓடுவதும் வறுமையின் அடையாளம் அல்ல. அவை எங்களிடம் ஒரு காலத்தில் இருந்து, நாங்களே கைவிட்ட சுகம்.

பல்கலைக்கழகங்களும் இதைத்தான் விரும்புகின்றன

இங்குள்ள பல்கலைக்கழகங்கள் பல, மாணவர்களைக் காரில்லாமல் வரச் செய்வதற்குத் திட்டம் வைத்திருக்கின்றன. கேம்பிரிட்ஜில் இளநிலை மாணவர்கள் விசேட அனுமதியில்லாமல் அங்கு கார் வைத்திருக்க முடியாது. ஹற்பீல்டில் உள்ள ஹேர்ட்போட்ஷயர் பல்கலைக்கழகம் 1992இல் தானே ஒரு பஸ் சேவையைத் தொடங்கியது. இன்று ஊனோ என்ற பெயரில் அது மாணவர்களை மட்டுமல்ல, பொதுமக்களையும் ஏற்றிச் செல்கிறது. வேறு பல இடங்களில் வாகனத் தரிப்பிட அனுமதி மிகச் சிலருக்கே கிடைக்கும். காரை வாங்கிய பிறகு அனுமதி இல்லை என்று அறிந்து, பக்கத்துத் தெருக்களில் நிறுத்தித் தண்டப்பணம் கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

பழக்கத்தை மாற்ற நல்ல நேரம் எது என்பதற்கும் ஒரு ஆய்வு இருக்கிறது. 2008இல் பாத் பல்கலைக்கழக உளவியலாளர் பாஸ் வெர்பிளாங்கனும் சகாக்களும், பல்கலைக்கழக ஊழியர்கள் எப்படி வேலைக்கு வருகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். சுற்றுச்சூழலில் அக்கறை உள்ளவர்களில், அண்மையில் வீடு மாறியவர்களே காரைக் குறைவாகப் பாவித்தார்கள். வாழ்க்கை இடம் மாறும்போது பழக்கமும் இளகி நிற்கிறது. கம்பஸின் முதல் மாதம் அப்படியான காலம். முதல் வாரத்தில் பஸ்ஸில் போன பிள்ளை பஸ்ஸிலேயே போகும். முதல் வாரத்தில் காரில் போன பிள்ளையை இறக்குவது பெரிய பாடு.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

"பெண்பிள்ளை, இரவில் எப்படித் தனியப் போய் வாறது?"
நியாயமான கேள்வி. பகலில் போய் வருவதையும் இரவில் திரும்புவதையும் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான வகுப்புகள் பகலில்தான். நூலகத்தில் பிந்தும் நாளில் நண்பர்களோடு சேர்ந்து வரலாம், கைத்தொலைபேசியில் இருக்கும் இடத்தை வீட்டாருக்குக் காட்டலாம், நிலையத்துக்கு நீங்கள் போய்க் கூட்டி வரலாம். சில பல்கலைக்கழகங்களில் இரவு மினிபஸ் உண்டு, விசாரியுங்கள்.

"சைக்கிள் ஆபத்தில்லையோ?"
ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். பாதை தெரிவு முக்கியம்: பிரதான வீதியை விட்டு, அமைதியான தெருக்களையும் சைக்கிள் பாதைகளையும் பாவிக்க வேண்டும். 2022 ஜனவரியில் மாறிய வீதி ஒழுங்குக் கோவையின்படி, 30 மைல் வேகம் வரை போகும் வாகனம் சைக்கிளை முந்தும்போது குறைந்தது ஒன்றரை மீற்றர் இடைவெளி விட வேண்டும். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் சட்டப்படி கட்டாயம். தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம் இல்லை, என் வீட்டில் கட்டாயம். லண்டனில் பெரியவர்களுக்கும் இலவச சைக்கிள் பயிற்சி கிடைக்கிறது.

"குளிர், மழை?"
நல்ல மழை அங்கியும் நல்ல சப்பாத்தும் ஒரு மாதக் கார் காப்புறுதியை விட மலிவு. வெளியில் நடப்பவர்களுக்குக் கோடையில் வெயிலும் கிடைக்கும். எங்கள் தோல் நிறத்துக்கு விற்றமின் டி குறைவது வழக்கம் என்பதால், வருடம் முழுவதும் நாளுக்கு 10 மைக்கிரோகிராம் எடுப்பது பற்றி யோசிக்கும்படி என்.எச்.எஸ் சொல்கிறது.

"நேரம் வீணாகுமே?"
ஸ்ரியரிங் பிடிக்கும் கையால் புத்தகம் பிடிக்க முடியாது. ரயிலில் முடியும்; நித்திரையும் கொள்ளலாம். இரவு முழுக்கப் படித்து விட்டு நித்திரை வெறியில் கார் ஓடும் மாணவர்களை நினைத்தால் எனக்குப் பயம்.

கம்பஸ் தொடங்க முன்னர் செய்ய வேண்டியவை

1. செப்டெம்பரில் ஒரு நாள், பிள்ளையோடு நீங்களும் சேர்ந்து பஸ் அல்லது ரயிலில் கம்பஸ் வாசல் வரை ஒருமுறை போய் வாருங்கள். பயத்தில் பாதி அன்றே போய்விடும்.

2. லண்டனில் வசிக்கும் மாணவர்கள் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான ஒய்ஸ்ரர் மாணவர் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பருவச்சீட்டுகளில் 30 வீதக் கழிவு கிடைக்கும். பல்கலைக்கழகம் அத்திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும்.

3. 16 முதல் 25 வயது வரையானோருக்கான ரயில் அட்டையில் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாட்களில் காலை 10 மணிக்கு முன்னர் குறைந்தபட்சக் கட்டண விதி உண்டு, கவனிக்கவும். இந்த அட்டையை ஒய்ஸ்ரரோடு இணைத்தால், நெரிசலற்ற நேரங்களில் லண்டனுக்குள்ளும் கழிவு கிடைக்கும்.

4. சைக்கிள் என்றால் நல்ல பூட்டுக்குப் பணம் ஒதுக்குங்கள். குளிக்கவும் உடுப்பு மாற்றவும் கம்பஸில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. ரயில் நிலையம் தூரமென்றால், கம்பஸ் வரை கொண்டுபோய் விடாமல் நிலையத்தில் மட்டும் இறக்கி விடுங்கள். பாதி வழி போனாலும் அது பலன்தான்.

6. பழைய கார் வாங்குவதானால் முதலில் யூலெஸ் விதியைப் பாருங்கள். 2023 ஓகஸ்ட் 29 முதல் அது லண்டன் முழுவதும் நடைமுறையில் உள்ளது. விதிக்குப் பொருந்தாத காருக்கு நாளுக்கு 12.50 பவுண்.

கார் தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு

உடல் இயலாமை உள்ளவர்கள், அதிகாலையிலும் இரவிலும் வைத்தியசாலைப் பயிற்சிக்குப் போகும் தாதியர், மருத்துவ மாணவர்கள், பஸ்ஸே போகாத இடத்தில் இருப்பவர்கள், வீட்டில் நோயாளியைப் பராமரிப்பவர்கள்: இவர்களுக்குக் கார் தேவையாக இருக்கலாம். அப்படியானால் ஒரே திசையில் போகும் இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து போகலாம். கம்பஸின் தூரத் தரிப்பிடத்தில் நிறுத்தி மிகுதியை நடக்கலாம். காரில் போகும் பிள்ளையைக் குற்றம் சொல்வது என் நோக்கமல்ல.

என் மகன் மூன்றாம் வருடம் காரைத் தகப்பனிடம் கொடுத்து விட்டு ரயிலில் போனார். சோற்றின் அளவையும் குறைத்தார், இனிப்புப் பானங்களை விட்டார். ஒரு வருடத்தின் பின் எச்.பி.ஏ.1.சி 39. நடை மட்டும் செய்த வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நடை தொடங்கிய பிறகுதான் மற்றவையும் தொடங்கின.

உங்கள் பிள்ளைக்கு இந்த வருடம் இடம் கிடைத்திருந்தால் என் மனமார்ந்த வாழ்த்துக்கள். காருக்கென்று சேர்த்த பணத்தை வங்கியிலேயே விட்டு வைத்து, முதல் தவணை முடியும் வரை பொறுத்துப் பாருங்கள். குடும்பத்தில் நீரிழிவு இருந்தாலோ, பிள்ளையின் இடுப்பளவு கூடியிருந்தாலோ, உங்கள் குடும்ப வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மூச்சிரைப்பு, நெஞ்சு நோ போன்றவை உள்ளவர்கள் புதிதாகச் சைக்கிள் ஓடத் தொடங்க முன்னர் வைத்திய ஆலோசனை பெறுவது அவசியம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.